அத்தை வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும்

நம்ம வயசுக்காரங்க பல பேருக்கு நான் சொல்லப்போறது பிடிக்காது. பழைய சிரிப்புப் படம்னா நீங்களெல்லாம் உயிரை விடுவீங்க, தெரியும். பொண்ணும் பையனும் பார்த்த நிமிஷத்திலிருந்து சண்டை, ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திக்கிறது, தட்டைத் தூக்கி எறியறது, கடைசியில் பார்த்தா கழுத்தில் மாலையோடு நிக்கிறது. அந்த மாதிரி ஒண்ணு டிவியில் வந்தா என் மருமகள் தாளிக்கிறதைப் பாதியில் விட்டுட்டு வந்து உட்கார்ந்து சிரிக்கிறாள். நான் எழுந்து போய் அடுப்பை அணைச்சாளா, சிலிண்டரை மூடினாளான்னு பார்ப்பேன். மூடியிருந்தாலும் இன்னொரு தரம் பார்ப்பேன். என் சுபாவம் அப்படி.

"உங்களுக்கு ஏன் அத்தே சிரிப்பே வரமாட்டேங்குது?"ன்னு கேட்கிறாள்.

வந்தது. ஒரு வருஷம் எனக்கும் வந்தது. நான் அஞ்சாங்கிளாஸோடு நின்னவள், கோர்வையா எழுத வராது. முன்னே பின்னே இருந்தா நீங்களே சரி பண்ணிப் படிச்சிக்குங்க.

அந்த வருஷம் சம்பா அறுத்து முடிச்சதும் சாலவாக்கம் போற ரோட்டோரம், தரிசாக் கிடந்த நிலத்தில் கொட்டாய் போட்டாங்க. டூரிங் டாக்கீஸ்னு போர்டில் எழுதியிருக்கும், யாரும் அப்படிச் சொன்னதில்லை. கொட்டாய்தான். மேலே கீத்து, கீழே மணல். நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மண் சுவர். இந்தப் பக்கம் பொம்பளைங்க, அந்தப் பக்கம் ஆம்பளைங்க. ஒரே மெஷின்தான் என்பதால் ரீல் மாத்த மாத்த விளக்கு எரியும். எரிஞ்ச உடனே முறுக்குக்காரன் தட்டோடு வந்துடுவான். மணலை அள்ளிக் குவிச்சு அதன் மேல் உட்கார்ந்தா நம்ம இடம் உசந்துடும். பின்னால் இருக்கிறவள் "தலைய எறக்குடி"ன்னு மண்டையில் தட்டுவாள். பீடிப் புகையும், ஈர மணல் வாசனையும், யாரோ வெச்சிருக்கிற கனகாம்பரமும் சேர்ந்து ஒரு வாசனை வரும். இப்போ எந்தத் தியேட்டரிலும் அது இல்லை.

எனக்கு அங்கேயும் பயம்தான். பீடி நெருப்பு கீத்தில் பட்டா என்ன ஆகும்? எந்தப் பக்கம் ஓடறது? அதனால் நான் எப்பவும் ஓரமா, தட்டி விலகியிருக்கிற இடமாப் பார்த்து உட்காருவேன். என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கிறது அத்தை.

அத்தைன்னா எங்க நைனாவோட தங்கச்சி. பிரியமானவங்களை எங்க பக்கம் அது இதுன்னுதான் சொல்லுவோம், மரியாதைக் குறைவு இல்லை. அத்தையை உள்ளூரிலேயே, ரெண்டு தெரு தள்ளிக் கொடுத்திருந்தாங்க. மாமா வீடு மெத்தை வீடு, மொட்டை மாடி வெச்சது. ஊரில் அப்படி அதிகம் கிடையாது.

அத்தைக்கு வாய் ஜாஸ்தி. கெட்ட வாய் இல்லை, சுருக்குன்னு பேசும் வாய். கல்யாணத்தன்னிக்கு நலங்கில் பொண்ணும் மாப்பிள்ளையும் தேங்காய் உருட்டினாங்க. மாமா உருண்டு வந்த தேங்காயைப் பிடிச்சு மடியில் வெச்சுக்கிட்டுத் தரமாட்டேன்னு விளையாடினார். தலை நிமிரக் கூடாத பொண்ணு நிமிர்ந்து பார்த்து, "வெச்சிக்கோய்யா. திருப்பதிக்குப் போயி மொட்ட அடிச்சா மாத்திக்க ஒரு தலை வேணும் இல்ல?" என்றது. பந்தல் முழுக்கச் சிரிப்பு. மாமாவும் சிரிச்சார். நான் சந்தனக் கிண்ணத்தை எங்கே கொட்டிடுவேனோன்னு பயந்து குனிஞ்சே உட்கார்ந்திருந்தேன். அதனால் எனக்குத் தெரிஞ்சது: பாய்க்குக் கீழே மாமாவோட கை அத்தை மணிக்கட்டைப் பிடிச்சிருந்தது. விட்டப்போ நகம் நாலும் பதிஞ்சிருந்தது.

மாமாவும் சிரிக்க வைக்கிறவர்தான். அதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்லை. டீக்கடையில் அவர் உட்கார்ந்தா சுத்தி பத்துப் பேர் நிப்பாங்க. ஒருநாள் தெருவில் நின்னுக்கிட்டு எல்லாரும் கேக்கறாப்பல சொன்னார்: "இவ வெச்ச கொழம்ப நாய்க்கு ஊத்தினேன்பா. அன்னிலேர்ந்து அது எங்க தெருப் பக்கமே வர்ல."

அத்தை வாசல் பெருக்கிக்கிட்டே, நிமிராம, "அது வந்துச்சு. இந்த வூட்ல ஏற்கெனவே ஒண்ணு கீதேன்னு திரும்பிப் பூட்ச்சு" என்றது.

எதிர்வீட்டுக்காரி சிரிச்ச சிரிப்பில் இடுப்பிலிருந்த குடம் சரிஞ்சு தண்ணி கொட்டிப் போச்சு. மாமா கையெடுத்துக் கும்பிட்டுட்டு உள்ளே போனார். அத்தையும் விளக்குமாறை மூலையில் சாத்திட்டு உள்ளே போனது. கதவு மூடினது. அவ்வளவுதான் ஊர் பார்த்தது. ஊரில் அவங்களுக்குப் பேரே சினிமா ஜோடி. "சண்டை போடறதுதான்டி அன்பு. பேசாத இருக்கறவங்களப் பாத்தாத்தான் பயம்"னு எங்க அம்மாவே சொல்லுவாங்க.

மாசி மாசம் ஒரு படம் வந்தது. கொட்டாய்க்காரன் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மைக்கில் கத்திக்கிட்டு, ரோஸ் கலர் நோட்டீஸை வாரி விட்டுக்கிட்டுப் போனான். பணக்கார வீட்டுப் பொண்ணு ஒருத்தி, ரேடியோ ரிப்பேர் பண்றவன் ஒருத்தன். முதல் ரீலிலிருந்து சண்டை. அவன் ஒண்ணு சொன்னா அவள் ரெண்டு சொல்லுவாள். கல்யாணம் ஆகி, சண்டை முத்தி, பிரிச்சு விடச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போவாங்க. அங்கே வராண்டாவிலும் சண்டை. ஜட்ஜே சிரிச்சுட்டு, போய்க் குடும்பம் நடத்துங்கன்னு அனுப்பிடுவார். நடுவில் ஒரு இடம்: அவள் மரத்தின் மேல் ஏறியிருப்பாள், அவன் ஏணியை எடுத்துக்கிட்டுப் போயிடுவான். மேலேயிருந்து அவள் மாங்காயை ஒவ்வொண்ணாப் பறிச்சு அவன் தலையில் போடுவாள். கொட்டாயே அதிரும். அவள் எப்படி இறங்கப் போறாள்னு நான் மட்டும் ஏணி போன திசையையே பார்ப்பேன். அப்புறம் அவன் கையை நீட்டுவான், அவள் குதிப்பாள், பிடிச்சிக்குவான். அப்பாடான்னு ஆகி எனக்கும் சிரிப்பு வரும். மணலில் புரண்டு சிரிப்பேன். நல்லா ஓடினதால் அந்தப் படத்தைத் தூக்காம வெச்சிருந்தான்; நாங்க திரும்பத் திரும்பப் போனோம். இறங்கிடுவாள்னு தெரிஞ்ச பிறகு எனக்கு அதை மாதிரி பிடிச்சது வேற இல்லை.

அத்தை மட்டும் அந்த இடத்தில் சிரிக்காது. படத்தில் அவள் பேசற இடங்களில்தான் அத்தை முகம் அப்படியே மலர்ந்து கிடக்கும். ஒருநாள் என் காதுகிட்டே குனிஞ்சு, "எவ்ளோ பேசறா பாரு கண்ணு. ஒருத்தனும் கைய ஓங்கல பாத்தியா?" என்றது. எனக்கு அப்போ அது பெரிசாப் படலை. சினிமாவில் கதாநாயகியை எதுக்கு அடிக்கப் போறாங்கன்னு நினைச்சேன்.

ரீல் மாத்த விளக்கு எரிஞ்சதும் மாமா மண் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து நின்னு, "ஏமே, பாத்துக்கினியா? ஏணிய இப்டித்தான் எடுக்கணும்" என்றார்.

"எடுக்கலாம்யா. தூக்கறதுக்கு ஒடம்புல தெம்பு வேணும், நாலு ஆளு கூப்டுக்கோ" என்றது அத்தை.

அன்னிக்குக் கொட்டாயில் படத்தைவிட இதுக்குத்தான் விசில்.

பங்குனி முடியற சமயம், வெயில் ஏறிப்போச்சு. அத்தை வடாம் பிழியறதுக்கு மொட்டை மாடிக்குப் போச்சு. அந்த வீட்டில் மாடிப்படி கிடையாது, மூங்கில் ஏணிதான். மாமா ஏணியை எடுத்துத் தெருவில் சாத்தினார். "வாங்க வாங்க, படம் ஓடுது"ன்னு கூப்பிட்டார். பசங்க ஓடினோம். பெரியவங்களும் வந்தாங்க.

அத்தை கைப்பிடிச் சுவர்கிட்டே வந்து எட்டிப் பார்த்தது. முகத்தில் வேர்வை.

"ஏணிய வையிய்யா."

"ஒரு பாட்டுப் பாடு, வெக்கறேன்."

"பாடுவேன். நீ அழுவியேன்னு பாக்கறேன்."

சிரிப்பு. மாமா இடுப்பில் கையை வெச்சு அண்ணாந்து பார்த்தார். அத்தை, "மேலேர்ந்து பாத்தாதான்யா தெரியுது, உன் மண்டைக்கு நடுவுல ஒரு களம் கீது. இந்த வடாத்த அங்கியே காய வெச்சிருக்கலாம்" என்றது. மாமாவுக்கு உச்சியில் முடி கொட்ட ஆரம்பிச்சிருந்தது உண்மை. ஒருத்தர் தலையில் அடிச்சுக்கிட்டுச் சிரிச்சார்.

"தண்ணியாவது குடுய்யா."

"மழ வரும். அண்ணாந்து வாயத் தொற."

"மழ வந்தா மொதல்ல உன் சாயம் இல்ல போவும்?"

கொஞ்ச நேரம் இப்படிப் போச்சு. படத்தில் வந்த மாதிரியே இருக்குதேன்னு எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் வெயில் தாங்காம ஒவ்வொருத்தரா வீட்டுக்குப் போனாங்க. கூட்டம் கலைஞ்சதும் மாமாவும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டு டீக்கடைப் பக்கம் போனார். ஏணி தெருவிலேயே இருந்தது. படத்தில் அவன் கையை நீட்டின மாதிரி இவரும் வந்து நீட்டுவார்னுதான் ஊரே நினைச்சிருக்கணும். நானும் அப்படித்தான் நினைச்சு, சோறு தின்னப் போனேன். அவர் வீட்டு ஏணியை அவர் இல்லாதப்போ எடுத்து வைக்கற பழக்கம் யாருக்கும் இல்லை. புருஷன் பொண்டாட்டி விளையாட்டில் யார் போய்க் கையை வைக்கறது?

நிழல் சாயற நேரத்தில்தான் அவர் திரும்பி வந்து ஏணி வெச்சார். மறுநாள் அத்தை எங்க வீட்டுக்கு வந்தது. பின்கட்டில் என்னைக் கூப்பிட்டுத் தேங்காய் எண்ணெய் எடுத்து வரச் சொன்னது. ரெண்டு பாதத்திலும் தோல் உப்பி, சில இடத்தில் பிரிஞ்சு தொங்கினது. மாடித் தரை கொதிச்சதில் வடாம் பிழிஞ்ச ஈரத் துணி மேல் நின்னிருக்கு. அது காய்ஞ்ச பிறகு முந்தானையை மடிச்சுப் போட்டு நின்னிருக்கு. பாதத்துக்கு எண்ணெய் தடவறப்போதான் கணுக்காலுக்கு மேலே இருந்த பழைய தழும்புகளையும் பார்த்தேன். கேட்கலை. கேட்டா என்ன சொல்லிடுமோன்னு பயம்.

நைனா வயலிலிருந்து வந்தார். அத்தை அவரைப் பார்த்து, "அண்ணா, என்னை அத்து வுட்ரு" என்றது. அப்போ மட்டும் அதன் வாயில் விளையாட்டு இல்லை.

எங்க நைனாவுக்குப் பேச வராது. உழவுமாட்டுகிட்டே பேசற அளவுகூட மனுஷங்ககிட்டே பேசமாட்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

அத்து விடறதுன்னா எங்க பக்கம் கோர்ட்டு கச்சேரி கிடையாது. பஞ்சாயத்துக் கூடி, ஞாயம் கேட்டு, சரின்னு பட்டா ஒரு துரும்பைக் கொடுப்பாங்க. ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சுக் கிள்ளிப் போட்டா முடிஞ்சது. அப்புறம் அவள் யாரோ, இவன் யாரோ. ஆனா பஞ்சாயத்து கொடுத்தாத்தான் துரும்பு.

கோயில் மண்டபத்தில் கூடினாங்க. பொம்பளைங்க தூணுக்குப் பின்னால் நின்னோம். நாட்டாமைக்காரர் நல்லவர்தான், யாரையும் கடிஞ்சு பேசமாட்டார். "இன்னாம்மா உனக்குக் கொறை? சொல்லு" என்றார்.

அத்தை நின்னது. எனக்குத் தெரியும், அதுக்குப் பயம். பயந்தா அத்தைக்கு வாய் தானா ஓடும். எனக்குப் பயம் வந்தா நாக்கு உள்ளே இழுத்துக்கும், அதுக்கு நேர்மாறு.

"கொறை ஒண்ணும் இல்லீங்க. கோழியக் கூட ராத்திரி கவுத்தா காலையில தொறந்து வுடுவாங்க. என்னைக் காலையில ஏத்தினாரு, சாயங்காலம் எறக்கினாரு. வடாம் காஞ்சிச்சு, நான் பொரிஞ்சிட்டேன்."

யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. அத்தை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துட்டு இன்னும் வேகமாச் சொன்னது. "நான் வாயால பேசறேன், அவரு கையால பேசறாரு. நான் பேசறது தெருவுக்கே கேக்குது. அவரு பேசறது கதவு சாத்தினாத்தான் கேக்கும். ஒரு நாளிக்கி நீங்கெல்லாம் உள்ள வந்து உக்காந்து கேளுங்க, டிக்கெட் நானே கிழிக்கறேன்."

மண்டபமே சிரிச்சது. நாட்டாமைக்காரர் துண்டால் கண்ணைத் துடைச்சார். எங்க அம்மாவும் முந்தானையை வாயில் வெச்சுக்கிட்டாங்க. அத்தை ஒவ்வொரு முகமாப் பார்த்தது. சொன்னது அத்தனையும் நிஜம். ஆனா அதுக்கு நிஜத்தை வேற மாதிரிச் சொல்லத் தெரியலை.

மாமா எழுந்தார். ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டுத் தோப்புக்கரணம் போட ஆரம்பிச்சார். படத்தில் கோர்ட்டு வராண்டாவில் அவன் போடுவான், அதேமாதிரி, நடுவில் மூச்சு வாங்கற மாதிரி ஒரு நடிப்போடு. சின்னப் பசங்க கை தட்டினாங்க.

"ஏம்மா, உங்க ரெண்டு பேரையும் பிரிச்சா இந்த ஊருக்கு இன்னா கீது?" என்றார் நாட்டாமைக்காரர். "கொட்டாயும் மழ வந்தா மூடிடுவான். அந்தப் படத்துலயே ஜட்ஜி இன்னா சொன்னாரு? போம்மா, போயி நல்லா இரு. யப்பா, ஏணி கீணியெல்லாம் எடுக்காத."

நைனா எழுந்து நின்னார். வாயைத் திறந்தார். எல்லாரும் செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. உட்கார்ந்துட்டார்.

அன்னிக்கு மாமா பின்னாடி நடந்துபோன அத்தை அதுக்கப்புறம் யாருக்கும் பதில் பேசலை.

முதலில் யாரும் கவனிக்கலை. மாமா தெருவில் நின்னு குழம்பைப் பத்தி, துணியைப் பத்தி, எங்க வீட்டைப் பத்தி ஏதாவது சொல்லுவார். சொல்லிட்டுக் காத்திருப்பார். அத்தை கோலத்தை முடிச்சுட்டு உள்ளே போயிடும். சுத்தி நின்னவங்களும் காத்திருந்து பார்த்துட்டு, "இன்னிக்கி மூடு இல்ல போலக் கீது"ன்னு போவாங்க. கொஞ்ச நாளில், "அடங்கிட்டா, நல்லாக் குடும்பம் பண்றா"ன்னு சொன்னாங்க. எனக்கு மட்டும் தூக்கம் வரலை. ஏன்னு கேட்டா சொல்லத் தெரிஞ்சிருக்காது.

நவரை அறுப்பு வந்தது. களத்தில் ஊரே இருந்தது. அடிக்கிறவங்க, தூத்தறவங்க, வைக்கோல் கட்டறவங்க. மாமா வரப்பில் நின்னு, "எம் பொண்டாட்டி தூத்தினா பதரு உள்ள நிக்கும், நெல்லு காத்துல பூடும்" என்றார். நாலு பேர் சிரிச்சாங்க. அத்தை முறத்தைத் தூக்கித் தூத்திக்கிட்டே இருந்தது. "இன்னாமே, காது செவுடா?" ரெண்டு பேர் சிரிச்சாங்க. "உங்க அண்ணங்காரன் மாதிரி ஊமையாப் பூட்டியா? பேசுமே. பேசு, எல்லாரும் கேக்கறாங்க இல்ல?" இப்போ யாரும் சிரிக்கலை. அவர் மட்டும் சிரிச்சார். அப்புறம் அவர் முகத்திலும் அது நின்னு போச்சு.

கிட்டே போய்த் தோளைப் பிடிச்சு உலுக்கினார். "பேசுடீ." அத்தை பார்த்தது, அவ்வளவுதான். வைக்கோல் உதறற கொம்பு பக்கத்தில் சாத்தியிருந்தது. அதை எடுத்தார். முதல் அடியைத் தடுக்க அத்தை வலது கையைத் தூக்கினது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கும், காய்ஞ்ச விறகு ஒடியற மாதிரி. முறம் கவிழ்ந்து நெல் சிதறினது. அத்தை கத்தலை. அவர் மறுபடி ஓங்கி, மறுபடி அடிச்சு, "பேசு, பேசு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். ஊர் முழுக்க நின்னு பார்த்தது. கதவுக்குள்ளே நடந்தது என்னன்னு அப்பத்தான் வெளிச்சத்தில் பார்த்தாங்க. நாலு ஆள் போய்ப் பிடிச்சு இழுத்தாங்க.

ஒடிஞ்ச கைக்குக் கட்டுப் போட்ட பிறகு அதே மண்டபத்தில் கூடினாங்க. நாட்டாமைக்காரர் அத்தையைப் பார்த்து, "சொல்லும்மா" என்றார். அத்தை தரையைப் பார்த்துக்கிட்டு நின்னது. இன்னொரு தரமும் கேட்டார்.

நைனா எழுந்தார். துண்டைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"ஏணிய எடுத்துட்டாரு. கால் வெந்து போச்சு. தண்ணி குடுக்கல. கதவ சாத்திக்கினு அடிக்கறாரு. ரொம்ப நாளா அடிக்கறாரு. இப்போ கை ஒடஞ்சிப் போச்சு."

அவ்வளவுதான். மாமா குனிஞ்ச தலையை நிமிர்த்தலை. நாட்டாமைக்காரர் துண்டை மடிச்சு மடியில் வெச்சு, "இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"அன்னிக்கே சொல்லிச்சே" என்றார் நைனா. "நீங்க சிரிச்சீங்க."

துரும்பு கொடுத்தாங்க. அத்தை இடது கையால் கிள்ளிப் போட்டுது.

வீட்டுக்கு வந்தோம். அம்மா சொம்பில் தண்ணி கொண்டு வந்து கொடுத்தாங்க. அத்தை பேச்சுக்கு எங்க வீட்டில் அதிகமாச் சிரிச்சதே அம்மாதான். அழுத முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "அந்த ஆளு தலை குனிஞ்சப்போ பாத்தியா, உச்சியில ஒத்த முடி இல்ல" என்றாங்க. சொல்லிட்டு அத்தை முகத்தையே பார்த்தாங்க. நைனாவும் வாசப்படியில் நின்னு பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை, பழைய மாதிரி ஒரே ஒரு வார்த்தை வந்துடும்னு மூணு பேரும் காத்துக்கிட்டு இருந்தோம்.

அத்தை இடது கையால் சொம்பைப் பிடிச்சுக் குடிச்சு முடிச்சது. கீழே வெச்சது.

"மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றது.

அதுக்கப்புறம் கண்ணை மூடற வரைக்கும் எங்க வீட்டில்தான் இருந்தது. உப்பு இருக்கா, வெயில் ஏறிடுச்சா, யாராவது வந்தாங்களான்னு கேக்கும். வேற எதுவும் பேசினதில்லை.